டிரையர் ஓடியும் துணி காயவில்லையா? எங்கள் வீட்டில் நடந்தது

நங்கநல்லூரிலிருந்து

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடிக் கொடி யாருக்கும் உதவாது. அதற்காகவே தனி டிரையர் வாங்கினோம். பின்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் வருமே, அந்த வகை. முதல் மழைக்காலம் ஜோராக ஓடியது. அடுத்த வருடம் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் துணி சூடாக வரும், ஈரம் மட்டும் போயிருக்காது. ஜீன்ஸ் இடுப்புப் பட்டியும் துண்டின் ஓரமும் நசநசவென்று இருக்கும். இஸ்திரி வண்டிக்காரர், “ஈரத்துணியைக் கொடுத்தா எப்படிம்மா, பெட்டி சூடெல்லாம் அதுலயே போயிடுது” என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்.

சர்வீசுக்கு வந்தவர் பின்பக்கத்தைக் கழற்றக்கூட இல்லை. ஹீட்டர் போய்விட்டது, போர்டும் சந்தேகம்தான் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். எனக்கு அது இடித்தது. ஹீட்டர் போயிருந்தால் துணி எப்படிச் சூடாக வரும்? சூடு இருக்கிறது, ஈரம் போகவில்லை என்றால் ஈரக்காற்று வெளியேறும் வழியில்தானே கோளாறு இருக்க வேண்டும்? யோசித்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மெஷினை முன்னால் இழுத்தோம்.

பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் நகர்த்திவிட்டுத் திரும்பத் தள்ளியதில் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. வளைவில் பஞ்சு ஈரத்தில் ஊறி, கெட்டிக் கம்பளி போல அடைத்திருந்தது. வெளிச்சுவர் ஓட்டையில் இன்னொரு கூத்து. புறாவும் கொசுவும் வரக்கூடாதென்று வீட்டைக் கட்டியவர்கள் பொடிக்கண் வலை அடித்திருந்தார்கள். துணியிலிருந்து வரும் பஞ்சு முழுக்க அந்த வலையில் படிந்து, காற்றே போக முடியாத அளவுக்கு மூடிவிட்டது. வலையை எடுத்துவிட்டு, காற்று அடிக்கும்போது மட்டும் திறந்துகொள்ளும் மூடி ஒன்றை மாட்டினோம். குழாயையும் நீளம் குறைத்து நேராக விட்டோம். பழையபடி காய ஆரம்பித்துவிட்டது. ஹீட்டர் அதே ஹீட்டர்தான். பஞ்சு அடைத்த குழாயில் சூடு தங்கினால் தீப்பிடிக்கவும் செய்யும் என்பதால், இதை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

இன்னொன்று. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் துடைத்தால் மட்டும் போதாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் வடிகட்டியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கீழே வடியாமல் வலைமேல் தேங்கி நின்றால், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவங்களின் மெழுகுப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும்.

பெரம்பூரிலிருந்து

குழாய், வடிகட்டி எல்லாம் எங்கள் வீட்டில் பளிச். ஆனாலும் சாயங்காலம் போட்டால் காயாது, நடுராத்திரி போட்டால் காயும். என்ன பேய் வேலை என்று பார்த்தால், வோல்டேஜ். தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் 190க்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டரின் சூடு வோல்டேஜோடு நேராகக் குறையாது, அதன் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர் 190இல் சுமார் 1365 வாட்தான் தரும். டிரம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டைமர் ஓடுகிறது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருப்பவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேராகத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பாக்ஸ் உருகி நாற்றம் வந்ததை நானே பார்த்தேன்.

மேடவாக்கத்திலிருந்து

எங்களுடையது துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில். வெளியே விடும் குழாயே கிடையாது. ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அழுக்குத் தண்ணீர் போகும் வழியிலேயே விட்டுவிடும். அப்படிக் குளிரவைக்க எங்கள் மாடல் டேப்பிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய வீடு இது. துவைத்து முடிந்ததும் மாமியார் டேப்பை இறுக மூடிவிடுவார். அப்புறம் எங்கே காய்வது? அவரிடம் சொன்னால், “துணி காயவைக்கத் தண்ணியா? யார்கிட்ட கதை விடுற?” என்றார். நியாயமான கேள்விதான், விவரப் புத்தகத்தைக் காட்டித்தான் நம்பவைத்தேன்.

டேப்பைத் திறந்து வைத்தும் சுமாராகத்தான் காய்ந்தது. மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி எங்களுடையது, தண்ணீர் வேகம் குறைவு. போதாக்குறைக்கு மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் போர் தண்ணீரின் மணலும் உப்பும் அடைத்திருந்தன. அதைக் கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. முகப்பில் 8 கிலோ என்று எழுதியிருப்பது துவைக்கத்தான். உலர்த்த 5 கிலோதான். துவைத்ததில் பாதியை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து

எங்கள் வீட்டில் நேர்மாறு. மெஷின் சீக்கிரமே நின்றுவிடும், ‘காய்ந்துவிட்டது’ என்று காட்டும். திறந்தால் அப்பாவின் வேட்டி மற்ற துணியையெல்லாம் சுருட்டி உருண்டையாக்கி வைத்திருக்கும். வெளியே மொறுமொறு, உள்ளே பள்ளிச் சீருடை சொட்டச் சொட்ட. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை அறிகின்றன. அவற்றைத் தொடுவது வேட்டியின் காய்ந்த ஓரம் மட்டும் என்றால் மெஷின் என்ன செய்யும்? அந்தப் பட்டைகளில் உப்புப் படலம் வேறு வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகர் தொட்ட துணியால் துடைத்தோம். வேட்டி, புடவை, போர்வையைத் தனியாகப் போடுகிறோம். துவைக்கும்போது கடைசியில் பிழியும் வேகத்தை நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு வைக்கிறேன். பிழிந்து வரும் தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவு கரண்ட் மிச்சம்.

வியாசர்பாடியிலிருந்து

நீங்களெல்லாம் பெரிய மெஷின் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக்கில் பக்கத்தில் சுற்றுகிற சின்னத் தொட்டிதான். துணி காயவில்லை என்பதை இங்கே ‘பிழியவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உம்மென்று சத்தம் மட்டும் வரும், தொட்டி மெதுவாகச் சுற்றும். இரண்டு காரணம் பார்த்துவிட்டோம். மூடியை மூடினால் பிரேக்கை விலக்கும் கம்பி தொய்ந்துபோய், பிரேக் கட்டை உரசிக்கொண்டே இருந்தது ஒன்று. மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் பலமிழந்தது இன்னொன்று. எந்த நேரம் எது என்று கண்டுபிடிக்க, பிளக்கைப் பிடுங்கி, மூடியை மூடி வைத்துக்கொண்டு கீழே பிரேக் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார் எங்கள் தெரு மெக்கானிக். இறுகலாக இருந்தால் பிரேக், லேசாகச் சுற்றினால் கப்பாசிட்டர். கப்பாசிட்டரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். மற்றபடி துணிமேல் அந்த வட்ட பிளாஸ்டிக் மூடியை அழுத்தி வைத்தாலே தொட்டி ஆடாமல் நன்றாகப் பிழிகிறது. மழை நாளில் அப்புறம் ஃபேனுக்கடியில் ஒரு ராத்திரி போட்டால் போதும்.