விளாச்சேரி அச்சில் கண்ணாடிக் காப்பு: அளவும் சரியில்லை, விரிசலும் விடுகிறது

கேள்வி (திருநகர்)

வணக்கம். ஜன்னலுக்குப் போடும் 3 மில்லிமீட்டர் கண்ணாடியின் வெட்டுத் துண்டுகளை இரண்டடுக்காக அடுக்கி, வீட்டிலுள்ள சிறிய மின்சூளையில் உருக்கிச் சேர்த்து, அந்தப் பட்டையை மறுமுறை சூடேற்றி அச்சின்மேல் வளைத்து, வாய் திறந்த காப்புகள் செய்து பழகி வருகிறேன். அச்சை விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒருவரிடம் சொல்லி, சுட்ட களிமண்ணில் 57 மில்லிமீட்டர் உருளையாக வாங்கினேன். என் தங்கை 2-4 வளையல் போடுபவள் என்பதால் அந்த விட்டம். உட்சுற்று 180 வருகிறது. வாய்க்கு 30 கழித்து, பட்டையை 150 நீளத்தில் செய்தேன். ஆனால் வாய் 40 வரை திறந்து நிற்கிறது, போட்டால் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி நழுவுகிறது. இது போதாதென்று, ஐந்து காப்புகளில் இரண்டு அச்சோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு குறுக்கே விரிந்துவிட்டன. நான் எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1 (மேலூர்)

சகோதரிக்கு வணக்கம். அளவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 2-4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குல உள்விட்டம்; 2-6 என்றால் 60.3 மில்லிமீட்டர், 2-8 என்றால் 63.5. இவையெல்லாம் மூடிய வளையலின் அளவுகள். குன்னத்தூர் சத்திரத்துக் கடைகளில் வளையல் போட்டுவிடுபவர் கையைக் குவிக்கச் சொல்லி, கட்டைவிரல் மேட்டை உள்ளே அழுத்தித்தானே வளையலைத் தள்ளுகிறார்? அந்த எண் குவித்த கையின் அளவே தவிர மணிக்கட்டின் அளவு அன்று. திறந்த காப்பு விரல்கள் வழியாக வருவதில்லை. மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தில் சாய்த்து உருட்டிப் போடுவது. ஆகவே தங்கையின் மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளந்து பாருங்கள். 150 இருந்தால், 14 தளர்வு சேர்த்து 164 உட்சுற்று போதும். அதுவும் வட்டமாக வேண்டாம்; மணிக்கட்டே நீள்வட்டம் என்பதால் 58க்கு 46 என்ற நீள்வட்ட அச்சு பொருந்தும்.

வாய் அகன்றதற்குக் காரணம், பட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை வளையும்போது அதன் நடுக்கோட்டின் நீளம்தான் மாறாமல் இருக்கும். உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும். 164இல் வாய்க்கு 30 போனால் மிச்சம் 134. கனத்துக்காக ஏறக்குறைய 15 கூட்டினால் 149. ஆக, உங்கள் 150 நீளப் பட்டையில் குற்றமில்லை, அச்சை மட்டும் மாற்றுங்கள். இரண்டடுக்குக்குக் குறையவும் வேண்டாம்: ஒற்றை 3 மில்லிமீட்டர் கண்ணாடி முழுதாக உருகினால் தன்னைத்தானே உள்ளிழுத்து நீளம் குறையும், மூன்றடுக்கு பக்கவாட்டில் பரவும்.

மறுமொழி 2 (திருமங்கலம்)

விரிசலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், அம்மா. உடைந்த விளிம்பைப் பார்த்தீர்களா? விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் சூடேறும்போதே உடைந்து, பிறகு மேல்வெப்பத்தில் இளகியிருக்கிறது என்று பொருள். கூர்மையாக இருந்தால் ஆறும்போது உடைந்தது.

திருநகர்

விரல் வைத்தால் அறுத்துவிடும் கூர்மை, ஐயா.

மறுமொழி 2 (திருமங்கலம்)

அப்படியானால் களிமண் அச்சின்மேல்தான் என் சந்தேகம். கண்ணாடி இறுகிய பின் 500 டிகிரி ஆறுவதற்குள், 60 மில்லிமீட்டர் அளவில் அது கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே சுருங்கும். சுட்ட மண் அதைவிடக் குறைவாகச் சுருங்குவதால், அதன்மேல் கவிந்த கண்ணாடி ஆற ஆற அச்சை இறுக்கி, கடைசியில் தானே விரிகிறது. துருப்பிடிக்காத எஃகோ அரை மில்லிமீட்டர் சுருங்கி, கண்ணாடியை விட்டு விலகி நிற்கும். வெளிப்புறமாகக் கவிக்க எஃகு, குழிக்குள் இறக்க மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளாச்சேரிக்காரரிடமே அரைக்குழாய் போன்ற ஒரு குழி அச்சு செய்யச் சொன்னால், பட்டையை அதற்குள் இறக்கி முதல் வளைவை எடுக்க உதவும். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எஃகு அச்சுக்குக் கில்ன் வாஷ் (கண்ணாடி அச்சில் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசும்போது அச்சு நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த எஃகில் அது நிற்காமல் வழிந்துவிடும். நான் தூரிகை பட்டவுடன் சுர்ரென்று காய்கிற சூட்டில், நான்கைந்து முறை மெல்லியதாகப் பூசுவேன். ஜன்னல் கண்ணாடியை 550 டிகிரிக்கு அருகில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து மணிக்கு 80 டிகிரிக்கு மேல் இறங்காமல் ஆற்றுங்கள். வெவ்வேறு தகடுகளின் துண்டுகளைக் கலக்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சுருக்கம் வேறுபட்டால் அச்சே இல்லாமலும் விரியும்.

திருநகர்

இருவருக்கும் நன்றி. கலந்துதான் விட்டேன், கடைக்காரர் கொடுத்த சாக்கில் எது எந்தத் தகடு என்று தெரியாது. எஃகு அச்சில் பட்டையின் முனைகள் நேராகத் தொங்குமே தவிர உள்ளே மடியாதே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 1 (மேலூர்)

கையால்தான் மடிக்க வேண்டும். 700 முதல் 740 டிகிரிக்குள் முனைகள் தொங்கியதும் சூளையின் மின்சாரத்தை முதலில் துண்டியுங்கள். கம்பிச்சுருளில் கருவி பட்டால் உயிருக்கே ஆபத்து. வெப்பக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தண்ணீரில் ஊறிய இரண்டு மரக்குச்சிகளால் இருமுனைகளையும் ஒரே நேரத்தில் உள்ளே அழுத்திவிட்டு, பத்து நொடிக்குள் கதவை மூடிவிடுங்கள். ஒரு பக்கம் முந்தினால் பட்டை முழுவதும் அந்தப் பக்கம் இழுபட்டு, வாய் கோணிவிடும். பருத்தி உடைதான் போட வேண்டும். துப்பட்டாவும் முந்தானையும் அன்றைக்கு வேண்டாம்.