தேடுபெட்டியில் என்ன போடுவது என்றே பலருக்கு ஏன் தெரிவதில்லை?

மாடிவீடு:
வணக்கம். எங்கள் கிணற்று மோட்டார் ஓடுகிறது, ஆனால் டேங்குக்குத் தண்ணீர் ஏறவில்லை. அப்பா போனை வைத்துக்கொண்டு "மோட்டார் ரிப்பேர்", "மோட்டார் காயில் எரிந்தால் என்ன செய்வது" என்றெல்லாம் போட்டுப் பார்த்தார். வந்ததெல்லாம் கடை விளம்பரம், காயில் கட்டும் வீடியோ. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து "ஃபுட் வால்வு லீக்" (கிணற்றுக்குள் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) என்று போட்டார், முதல் வீடியோவிலேயே விஷயம் இருந்தது. அப்பா நாளிதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். அவருக்கே ஏன் இது வரவில்லை?

நூலகப்பூனை:
படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன், கூகுள் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. 1968-ல் ராபர்ட் டெய்லர் என்ற நூலகவியல் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஆளின் மனதில் இருக்கும் தேவை ஒன்று, வாயில் வரும் கேள்வி வேறு, ஏனென்றால் இங்கே என்ன கிடைக்கும் என்று அவர் நினைக்கிறாரோ அதற்கேற்பக் கேள்வியை வெட்டிச் சுருக்கிவிடுகிறார். "சட்டப் புத்தகம் இருக்கா?" என்று வருபவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், கடைசியில் தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை எப்படி மாற்றுவது என்பதில் வந்து நிற்கும். நாங்கள் திருப்பிக் கேட்போம். தேடுபெட்டி கேட்காது, போட்டதற்கு எதையாவது காட்டிவிடும்.

கம்பிச்சுருள்:
இன்னொன்றும் இருக்கிறது. 1987-ல் ஃபர்னஸ், லாண்டவர், கோமெஸ், டுமாய்ஸ் நான்கு பேரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே! உங்கள் அப்பா "ரிப்பேர்" என்று பொதுவாகச் சொன்னார், வீடியோ போட்ட மெக்கானிக் காரணத்தைத் தலைப்பாக வைத்தார், இரண்டும் எங்கே சந்திக்கும்? அதைவிட மோசம் அந்த "காயில்". அது அவருடைய ஊகம். ஊகத்தைப் போட்டால் ஊகத்துக்குத்தான் பதில் வரும், அது சரியா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் என்றால் முதலில் "மோட்டார் ஓடுகிறது தண்ணீர் ஏறவில்லை காரணம்" என்று பார்த்ததை மட்டும் போடுவேன். வரும் பக்கங்களில் ஃபுட் வால்வு, ஏர் லாக் (குழாயில் காற்று பிடிப்பது) என்று எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த தேடலுக்குப் போவேன்.

விடியல்77:
இதெல்லாம் பழைய கதை. 2019-லேயே கூகுள் தன் தேடலில் பெர்ட் என்ற மொழி புரியும் ஏஐ மாதிரியைக் கொண்டுவந்துவிட்டது, வாக்கியமாகப் போட்டாலே புரிந்துகொள்கிறது. இல்லாவிட்டால் ஏஐயிடம் கேளுங்கள்.

எழுத்தாணி:
வாக்கியம் புரியலாம், ஆனால் பக்கம் இருந்தால்தானே கிடைக்கும்? தமிழில் தேடும்போது அதுதான் பாதித் தொல்லை. ஒரே விஷயத்தை ஒருவர் தமிழ் எழுத்தில் வைத்திருப்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருப்பார். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. நீங்கள் எவ்வளவு அழகாகக் கேட்டாலும் அது சிக்காது. அப்புறம், ஏஐயிடம் "காயில் எரிந்தால்" என்று கேட்டால் அதுவும் பெரும்பாலும் காயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் விடியல்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் காட்டினேன், "மெக்கானிக் வைத்த பேர் எனக்கு எப்படித் தெரியும்" என்கிறார், நியாயம்தான். சரி, இப்போது வால்வுதானா என்று எப்படி உறுதி செய்வது?

கம்பிச்சுருள்:
மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பின் மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்கினால் பெரும்பாலும் கீழே வால்வு ஒழுகுகிறது, குப்பை மாட்டியிருக்கலாம். இறங்காமல் நின்றால் மூடியை இறுக்கிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். காற்று பிடித்தது மட்டும்தான் கோளாறு என்றால் தண்ணீர் ஏறிவிடும்.