கிரானைட் சமையல் மேடையால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

நிலவன்:
சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். மேடைக்காக இளஞ்சிவப்பு நிறக் கிரானைட் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கொடுத்தாயிற்று. இப்போது உறவினர் ஒருவர், கிரானைட்டில் யுரேனியம் இருக்கிறது என்றும், அதிலிருந்து வெளிவரும் ரேடான் வாயு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்றும் சொல்கிறார். கல்லின் மேல் கதிரியக்கத்தைக் கண்டறியும் கைகர் கருவியை வைத்தவுடன் அது படபடவென்று ஒலிக்கும் காணொளி ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அலட்சியமாக இருக்க மனமில்லை. கல்லை மாற்றிவிடுவது நல்லதா? பரிசோதிப்பதென்றால் எதை, எவ்வாறு பரிசோதிப்பது?

கதிர்நோக்கி:
கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் இருப்பது உண்மையே. பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது இவ்விரு தனிமங்களும் முதலில் உருவாகும் கனிமங்களில் எளிதாக இடம்பெறுவதில்லை; கடைசிவரை உருகிய நிலையிலிருக்கும் பகுதியில் தங்கிச் செறிந்துவிடுகின்றன. கிரானைட் பெரும்பாலும் அத்தகைய பகுதியிலிருந்து உருவாவதால்தான், பளிங்கையும் சுண்ணக்கல்லையும் விட அதில் இவை கூடுதலாக உள்ளன. இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் பொட்டாசியம் உண்டு; அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. கறுப்புக் கிரானைட் என்று விற்கப்படுபவற்றில் பல, புவியியல்படி காப்ரோ, டாலரைட் போன்ற வேறு பாறைகள். அவற்றில் கதிரியக்கம் பொதுவாகக் குறைவு.

ஆனால் கல்லில் இருப்பது வேறு, நம் உடலுக்கு வந்து சேர்வது வேறு. முதலில் கல்லிலிருந்து நேராக வரும் காமா கதிரைப் பார்ப்போம். மேடைக்குப் போடும் பலகை சில சென்டிமீட்டர் தடிமன் உடையது. சற்று விலகி நின்றாலே அதன் காமா அளவு குறைந்துவிடும். கட்டுமானப் பொருள்களால் வீட்டுக்குள் கூடுதலாக வரும் காமா கதிருக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று வரையறை வைத்திருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சாக ஒருவர் பெறும் உலகச் சராசரியோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட்.

ரேடானுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேடையின் பரப்பு 4 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டரும் மணிக்கு 20 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் கதிரியக்க அலகு) ரேடானை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 பெக்கரல் ஆயிற்று. அறையின் கொள்ளளவு 40 கன மீட்டர், அதிலுள்ள காற்றில் பாதியளவு மணிதோறும் மாறுகிறது என்றால், அறையில் நிலைத்திருக்கும் அளவு கன மீட்டருக்கு 4 பெக்கரல்தான். உலக நலவாழ்வு நிறுவனம் வீடுகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல். கல் இதைவிடப் பல மடங்கு வெளிவிட்டாலும் சன்னலைத் திறந்துவைக்கும் சமையலறையில் அந்த எல்லையை எட்டுவது அரிது. வீடுகளில் ரேடான் மிகுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடித்தளத்தின் விரிசல்கள் வழியே மண்ணிலிருந்து ஏறிவரும் வாயுதான். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு ரேடான் காரணமாவது உண்மை. ஆனால் அந்தப் பழியை மேடையின் மேல் போடுவது பொருந்தாது.

அந்தக் காணொளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைகர் கருவி கல்லை ஒட்டியிருக்கும்போது வரும் துடிப்புகளை எண்ணுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு ரேடான் இருக்கிறது என்பதை அது சொல்லாது. கருவி ஒலிப்பதால் மட்டும் ஆபத்து என்றாகிவிடாது; வளர்ந்த மனிதரின் உடலிலேயே பொட்டாசியம்-40 ஏறத்தாழ 4,000 பெக்கரல் அளவுக்கு இருக்கிறது.

மழைத்துளி:
பரிசோதிக்க விரும்பினால் காற்றைப் பரிசோதியுங்கள், கல்லை அல்ல. கரித்தூள் நிரப்பிய டப்பாவோ ரேடான் வெளிவிடும் ஆல்ஃபா துகள்களின் தடங்களைப் பதியும் கருவியோ கிடைக்கும். ரேடான் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் மூன்று மாதத்துக்கு மேல் வைக்கும் கருவியின் முடிவே நம்பகமானது. அதைச் சமையலறையில் வைக்காமல், குடும்பத்தார் புழங்கும் கீழ்த்தள அறையில், மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். சமையலறையின் ஈரமும் புகைபோக்கி இழுக்கும் காற்றும் அளவைக் குலைத்துவிடும்.

நிலவன்:
விளக்கங்களுக்கு மிக்க நன்றி. அந்தக் கல்லையே போட்டுக்கொள்கிறோம். கல்லின் மேல் சீலர் பூசினால் ரேடான் குறையுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கல்வினைஞன்:
சீலர் பூசுவது எண்ணெயும் கறையும் கல்லுக்குள் இறங்காமல் இருப்பதற்காக. ரேடானுக்கென்று அதைப் பூச வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. கல்லை அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்கா (மணலிலும் குவார்ட்ஸிலும் உள்ள பொருள்) தூசு நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். குவார்ட்ஸ் துகளைப் பிசினோடு சேர்த்துச் செய்யும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடும். தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்தது. கதிர்வீச்சுக்கு அஞ்சி அந்தக் கல்லுக்கு மாறுவோரைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கும். கிரானைட்டிலும் சிலிக்கா கணிசமாக உண்டு. ஆகவே தொட்டிக்கும் அடுப்புக்குமான திறப்புகளைப் பட்டறையிலேயே நீர் ஊற்றி அறுத்துவரச் சொல்லுங்கள். வீட்டில் சிறிதளவு தேய்க்க வேண்டியிருந்தாலும், வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது.