ஒசெம்பிக்கா, மவுன்ஜாரோவா? போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

தெற்குவாசல்:
வயது 46, எடை 98 கிலோ, ஒன்பது வருடமாகச் சுகர். மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 8.4. மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு மாத்திரைகள் ஓடுகின்றன. வாரம் ஒரு ஊசி போடலாம், இரண்டில் எது என்று யோசித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மருந்துக்கடையில் விலை கேட்டதுமே பாதிப் பசி அடங்கிவிட்டது. எதைப் போடலாம்?

மாலைநடை:
எடைதான் கணக்கு என்றால் மவுன்ஜாரோ, அதாவது டிர்செபடைட். ஒசெம்பிக்கில் இருக்கும் மருந்தான செமாகுளூடைடோடு (சுருக்கமாக செமா) நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில் 72 வாரத்தில் இதில் 20.2 சதவீதம் குறைந்தது, அதில் 13.7. ஆனால் அந்த ஆய்வில் இருந்த யாருக்கும் சுகர் கிடையாது சார். நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு இறங்காது, அந்த எண்ணை நம்பி இப்போதே புது பேண்ட் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதத்தைக் குறைக்கிறது என்று செமாவுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இட்லிப்பிரியன்:
நான் மவுன்ஜாரோ. முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், ஒன்றும் தெரியவில்லை. 5க்கு ஏற்றிய வாரம் ஒரு கல்யாணப் பந்தி, பழக்கதோஷத்தில் வடை பாயசம் என்று ஒரு கை பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம், விடியும்போது வாந்தி. இப்போது இரண்டாவது இட்லி பாதியிலேயே நின்றுவிடுகிறது. மலச்சிக்கல் தனிக்கதை. அப்புறம், எடையோடு தசையும் போகும், முட்டை, பயறு, கொஞ்சம் உடற்பயிற்சி இல்லாவிட்டால் மாடிப்படி ஏறும்போது தெரியும்.

மாத்திரைப்பெட்டி:
எது என்பதைவிட எத்தனை வருடம் கட்டுப்படியாகும் என்று பாருங்கள். செமாவை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஒரு ஆய்வு. ஆறு மாதம் போட்டு நிறுத்துவதாக இருந்தால் காசு தண்டம். செமாவின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது, அதனால் விலையை இன்னொரு முறை விசாரியுங்கள். முக்கியமாக, கிளிமிப்பிரைடோடு இதைச் சேர்த்தால் லோ சுகர் வரலாம், அளவைக் குறைக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். விழித்திரையையும் காட்டுங்கள், சுகர் சட்டென்று இறங்கும்போது பழைய பாதிப்பு கூடலாம்.

தெற்குவாசல்:
கண்ணைக் காட்டி மூன்று வருடம் ஆகிறது அண்ணா. வெள்ளிக்கிழமை முதலில் அங்கே போய்விட்டுத்தான் ஊசி.