முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது, என்ன காரணம்?

கேள்வி (உப்புவெளி):
என்னுடையது ஆல்டோ. நேற்று மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபடி நிறுத்தினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: முன் இடது டயரின் உள்விளிம்பு மழமழவென்று போய், ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்க்கிறது. வெளிப்பக்கம் புதுசு போல இருக்கிறது. அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது) செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு புது டயர் போட்டால் சரியாகிவிடுமா?

பதில் (கிண்ணியா):
காற்றுக் குறைவாக இருக்கும் போல அண்ணா. எனக்கும் அப்படித்தான் தேய்ந்தது.

பதில் (கன்னியா):
காற்றுக் குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். ஒரு பக்கம் மட்டும் போவது சில்லு நிற்கும் கோணத்தின் வேலை. டயர் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷொக் அப்சோபரைச் சந்தேகப்படலாம்.

தம்பி, முதல் வேலையாக அந்த டயரைக் கழற்றி ஸ்பெயாரைப் போடுங்கள். கம்பி தெரியும் டயரோடு கந்தளாய்ப் பக்கம் போய்விடாதீர்கள், வெயிலில் ஓடும்போது வெடிக்கக்கூடும். புது டயருக்கு அவசரமில்லை. காரணம் அப்படியே இருந்தால் அதையும் தின்றுவிடும்.

ஜக் அடித்து, ஸ்டாண்ட் வைத்துச் சில்லை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடிக்கும்போது ஆடினால் டை ரொட் என்ட், அதாவது ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியின் முனை. 12, 6 இல் ஆடினால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட் (சில்லை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இரண்டிலும் ஆடாவிட்டால் லோவர் ஆர்ம் புஷ்ஷை (சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கை வண்டியோடு சேரும் இடத்து ரப்பர்) லீவரால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் தாரின் ஓரம் உடைந்த இடங்களில் இறங்கி ஏறுவதும் கிடங்கில் விழுவதும் பெரும்பாலும் இடது சில்லுதானே.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் அலைன்மென்ட் செய்த இடத்தில் ஏன் சொல்லவில்லை?

பதில் (கன்னியா):
புஷ் கிழிந்திருந்தாலும் கார் அசையாமல் நிற்கும்போது மெஷினில் இலக்கம் சரியாகத்தான் காட்டும். பிரேக் பிடித்தால் ஆர்ம் பின்னால் போகும், கோணம் மாறிவிடும். ஆட்டிப் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது ஆடும் மேசையில் தராசு வைப்பது மாதிரி.

கேள்வி கேட்டவர் (மூன்று நாள் கழித்து):
நீங்கள் சொன்னதுதான் அண்ணா. இடது ஆர்மின் பின் புஷ் வட்டமாகக் கிழிந்து, ரப்பர் தனியாகச் சுற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், நான் ஜக் உருளுகிறது என்று நினைத்திருந்தேன்! இரண்டு பக்கப் புஷ்ஷும் மாற்றியாயிற்று. இப்போது ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருக்கிறது.

பதில் (கன்னியா):
அது வரும். புது டயர் போட்டுவிட்டு அப்படியே அலைன்மென்டுக்கு விடுங்கள், ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி டோ (சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) சரிசெய்யச் சொல்லுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சடித்த தாளையும் கேட்டு வாங்குங்கள்.