கிளிஸ்டோதீசியத்துக்குத் தமிழ்: மூடுகனி, செப்பு, சிமிழ்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பூஞ்சைகளில் ஆஸ்கஸ் எனும் வித்துப்பைகளைத் தாங்கும் உறுப்பு ஆஸ்கோகார்ப். அதன் வகைகளைக் கிளிஸ்டோதீசியம் (வாயின்றி மூடியது), பெரிதீசியம் (சிறு வாய் உள்ளது), அப்போதீசியம் (அகலத் திறந்தது) என்று ஒலிபெயர்த்தே நடத்துகிறோம். பிள்ளைகள் மூன்றையும் ஒப்பித்துவிடுவார்கள். எதற்கு வாய் உண்டு, எதற்கு இல்லை என்று கேட்டால் மாற்றிச் சொல்வார்கள். பெயரிலேயே விடை இருக்க வேண்டும். கிளிஸ்டோதீசியத்துக்கு 'மூடுகனி' என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. கனி என்பது சூலகம் முற்றியது. பூஞ்சைக்குச் சூலகம் ஏது? கிரேக்கத்தில் 'தீக்கே' என்றால் பெட்டி, உறை. பாலக்காட்டுப் பக்கம் குங்குமம் வைப்பதைச் செப்பு என்கிறோம். தமிழுக்கும் அது சொந்தச் சொல்தான். 'மூடுசெப்பு' எனலாமா?

கம்பத்திலிருந்து:

டீச்சர், கனியை விலக்கியது சரி. செப்பு மட்டும் வேண்டாம். திராட்சைத் தோட்டத்தில் செப்பு என்றால் தாமிரம். போர்டோ கலவை செப்பு மருந்து. 'செப்பு வெடிக்கும் முன் செப்பு மருந்து அடிக்கவும்' என்று ஒரு துண்டறிக்கை வந்தால் படிப்பவர் திகைத்துப்போவார். சிமிழ் என்று வையுங்கள். அதே பொருள், சிறிய உருண்டை, வேறு எதனோடும் மோதாது.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடநூல்கள் கிளிஸ்டோதீசியம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைக் கட்டுகின்றன. அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் உள்ளது உண்மையான மூடுறுப்பு. உருண்டையான ஆஸ்கஸ்கள் உள்ளே ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும், அவற்றின் சுவர் தானே கரையும், வெளிச்சுவர் சிதைந்தால்தான் வித்துகள் வெளியேறும். சாம்பல் நோய்ப் பூஞ்சையில் அப்படியல்ல. திராட்சையைத் தாக்கும் எரிசைஃபி நெக்கேட்டரில் சுமார் 100 மைக்ரான் அளவுள்ள உருண்டை. முதலில் வெளிர்நிறம், பிறகு மஞ்சள், முற்றினால் கரும்பழுப்பு. உள்ளே 4 முதல் 6 ஆஸ்கஸ்கள் அடியில் கொத்தாக நிற்கும். நனைந்ததும் அவை நீரை உறிஞ்சிப் பருத்துச் சுவரைப் பிளக்கும். வித்துகள் விசையோடு தெறிக்கும். 2.5 மில்லிமீட்டர் மழையே அதற்குப் போதும். இதைப் பிரித்துக்காட்டத்தான் 2000-களின் தொடக்கத்திலிருந்து கேஸ்மோதீசியம் என்ற பெயர் வழக்குக்கு வந்தது. நம் சொல்லும் பிரிய வேண்டும்: முன்னது மூடுசிமிழ், பின்னது வெடிசிமிழ். இரண்டும் வினைத்தொகை, ஆகவே இடையில் 'ச்' மிகாது. 'மூடுச்சிமிழ்' என்று எழுதிவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சார், சிமிழுக்கு மூடி உண்டே? மூடியுள்ள பொருளின் பெயரை மூடியே இல்லாததற்கு வைப்பது சரியா? அடுத்தது, செய்முறைத் தேர்வில் இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதும் வரையறையோடு வர வேண்டும்.

கம்பத்திலிருந்து:

மூடி பற்றிய தடை நியாயமானது. சிமிழ் என்பதைக் கலத்தின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, திறக்கும் விதத்தை முன்னொட்டு சொல்லட்டும். பெரிதீசியம் வாய்ச்சிமிழ் ஆகும். அப்போதீசியம் அகலத் திறந்த கிண்ணம். அதைச் சிமிழுக்குள் திணிக்காமல் வித்துக்கிண்ணம் என்றே சொல்லலாம்.

செய்முறை: ஒரு துளி நீர் விட்டு, இலையிலிருந்து ஊசி முனையால் கருப்பு உருண்டையை மட்டும் எடுத்து வைத்து, மூடுகண்ணாடி போட்டு 10 மடங்கில் முதலில் ஒட்டுறுப்புகளை, அதாவது உருண்டையிலிருந்து நீளும் இழைகளைப் பாருங்கள். எரிசைஃபி நெக்கேட்டரில் அவற்றின் நுனி சுருண்டிருக்கும். மல்பெரி இலையடியில் வரும் ஃபில்லாக்டினியாவில் ஊசி போல நேராக, அடி மட்டும் குமிழாக இருக்கும். அதன் பிறகே பென்சில் ரப்பரால் மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் ஆஸ்கஸ்கள் உடைந்து வித்துகள் பரவிவிடும். வெடிசிமிழைப் பார்த்து மூடுசிமிழ் என்று எழுத இதுவே முதல் காரணம். காய்ந்த இலையில் உருண்டை குழிந்து கிண்ணம் போலத் தெரியும். கொஞ்ச நேரம் நீரில் ஊறவிட்டுப் பாருங்கள்.

நிடுலன்ஸில் வேறு வகைத் தொல்லை. சிமிழைச் சுற்றி ஹ்யூல் செல்கள் எனும் தடித்த சுவருள்ள செல்கள் அப்பியிருக்கும், கொனிடியங்களும் (பாலிலா வித்துகள்) ஒட்டியிருக்கும். வெறும் அகார்த் தட்டில் ஊசியால் உருட்டிச் சுத்தம் செய்துவிட்டு நீரில் நசுக்கினால் செந்நிற ஆஸ்கஸ் வித்துகள் தெரியும். உருட்டாமல் நசுக்கினால் கொனிடியங்களும் ஆஸ்கஸ் வித்துகளும் கலந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. சாம்பல் நோய்ப் படலத்துக்குள் ஆம்பெலோமைசஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை வளர்ந்து கொனிடியங்கள் நிறைந்த சிறு பழுப்புக் கலங்களை (பிக்னிடியங்களை) உண்டாக்கும். அவை இளம் வெடிசிமிழ் போலவே இருக்கும். நசுக்கிப் பார்த்து ஆஸ்கஸ் இல்லாமல் சிறு கொனிடியங்கள் மட்டும் வழிந்தால் அது சிமிழே அல்ல. ஆகவே வரையறையில் 'ஆஸ்கஸ் கொண்ட' என்ற அடை கட்டாயம் இருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஏற்கிறேன். யூகலிப்டஸ் அடியில் முளைக்கும் ஸ்க்ளிரோடெர்மா என்ற உருண்டைக் காளானும் மூடியதுதான். ஆனால் அதில் இருப்பது பசிடியம் (வித்துகளைத் தன்மேல் தாங்கும் செல்), ஆஸ்கஸ் அல்ல. அதற்குப் 'பொதிகாளான்' என்று தனியாக எழுதிக்கொள்கிறேன். பொதி என்ற சொல் தமிழ், மலையாளம் இரண்டிலும் புரியும். டிரஃபிள் மண்ணுக்குள் மூடிக் கிடந்தாலும் அது மடங்கி மாறிய வித்துக்கிண்ணம். மூடுசிமிழ்ப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.