மறு: செறிவூட்டலா, ஊட்டலா?

மூடிய அறையில் வளரும் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கூடுதலாக விடுவதை ஆங்கிலத்தில் CO2 enrichment என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> அரிசிக்கும் யுரேனியத்துக்கும் செறிவூட்டல் என்கிறோம். இதற்கு மட்டும் எதற்குப் புதுச்சொல்?

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் எல்லாம் சேர்க்கிறார்கள், சத்து கூடுவது அரிசிக்கு. யுரேனியத்திலும் அப்படியே, முன்னால் நிற்கும் பொருள்தான் செறிவு பெறுகிறது. 'கார்பன் டை ஆக்சைடு செறிவூட்டல்' என்று எழுதினால் அந்த வாயுவையே எங்கோ ஆலையில் கெட்டியாக்குகிறார்கள் போல என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். நடப்பது வேறு. அறையை மூடி, விளக்கைப் போட்டு லெட்யூஸ் கீரை வளர்க்கிறோம், செடி உள்ளே இருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே போகிறது, வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) சொச்சம் இருப்பது உள்ளே 200 பக்கம்கூட இறங்கிவிடும், அதனால் சிலிண்டரைத் திறந்து 800, 1000 என்று ஏற்றுகிறோம். சோறு ஊட்டுகிற வேலைதானே? பாலூட்டல், நீரூட்டல் வரிசையில் 'ஊட்டல்' போதும் என்பது என் கட்சி.

> 'கரியுரமிடல்' என்றால் விவசாயிக்கு உடனே புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். உரம் போட்டால் மண்ணில் கிடக்கும், வேர் நிதானமாக எடுத்துக்கொள்ளும். வாயு அப்படியில்லை, கதவைத் திறந்தால் போயிற்று. விளக்கை அணைத்த பிறகு விட்டால் முழுக்க வீண். போன மாதம் டைமரை மாற்றி வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க நானே வீணாக்கினேன், காலையில் பார்த்தால் மீட்டர் 2000ஐத் தாண்டி நிற்கிறது, செடிகள் அப்படியே இருக்கின்றன. கதவைத் திறந்து போட்டு வெளியே நின்றேன்.

அப்புறம், முதல் மடலில் நான் சொன்ன 'கரிவளியூட்டல்'. வாயில் நன்றாக உருளுகிற சொல். (கரி என்றால் யானையும்தான் என்று ஒருவர் கேலி செய்தார், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.) ஆனாலும் திரும்பப் பெறுகிறேன். நெதர்லாந்துப் பசுமைக்குடில்களில் இயற்கை எரிவாயுவை எரித்து அந்தப் புகையையே செடிக்கு விடுகிறவர்கள் நிறைய. எரிவது அரைகுறையானால் கார்பன் மோனாக்சைடும் எத்திலீனும் சேர்ந்து வரும். எத்திலீன் துளி பட்டாலே தக்காளி இலை காம்போடு வளைந்து தொங்கிவிடும், மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். மோனாக்சைடிலும் கார்பன்தானே, அதுவும் கரிவளி, இதுவும் கரிவளி என்றால் கதவில் மாட்டுகிற எச்சரிக்கைப் பலகையில் எதை எழுதுவது?

அதனால் பேச்சுக்கும் பத்திரிகைக்கும் 'கரியமில வாயு ஊட்டல்', பாடநூலுக்கு 'கார்பன் டை ஆக்சைடு ஊட்டல்', இலங்கை நண்பர்களுக்கு 'காபனீரொட்சைட்டு ஊட்டல்'. முன்சொல் எப்படி மாறினாலும் ஊட்டல் மாறாது. வாயுவில் அமிலம் எங்கே என்று கேட்காதீர்கள், தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம்தான், பழைய பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

செடி வளர்க்கும் அந்த மூடிய அறைக்கு 'பயிரறை' என்று வந்த பரிந்துரை எனக்குச் சம்மதம்.

இன்னொன்று பாக்கி. சிப்பிக்காளான் குடிலில் கதை தலைகீழ். காளானே இந்த வாயுவை விடும், தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும், அடிக்கடி வெளியேற்ற வேண்டும். காளான் போடுகிறவர்கள் இங்கே இரண்டு பேராவது இருக்கிறீர்கள், அந்த வேலைக்கு உங்கள் ஊரில் என்ன சொல்கிறீர்கள்?